போடி ஜீப்பை வாங்கி தாத்தா ஜீப்புக்கு உதிரி எடுக்கலாமா?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தாத்தா 1971-ல் வாங்கிய மஹிந்திரா சி.ஜே. 3பி பெட்ரோல் ஜீப் உசிலம்பட்டி பக்கத்துத் தோப்பில் பதினோரு வருடமாக நிற்கிறது. இன்ஜின் சுற்றவில்லை, பிரேக் இல்லை, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, ஆனால் புதுப்பிக்கவில்லை. போடியில் ஒருவர் எம்.எம். 540 டீசல் ஜீப்பை ஓடுகிற நிலையில் 70 ஆயிரத்துக்குத் தருகிறார். அதை வாங்கி இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டு மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக வேண்டாம். இன்ஜின்தான் பெரிய லாபம் என்று நினைக்கிறீர்கள். என் கணக்கில் அந்த போடி வண்டியில் உங்களுக்கு உதவுவது பிரேக்கும் சின்னச் சின்ன பிராக்கெட்டும்தான். இன்ஜினை விற்றுவிடலாம், வாங்க ஆள் இருக்கிறார்கள். அப்புறம், உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகி, பிரேக் பிடித்து, தோப்பு வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வரும்வரை போடி வண்டியில் உங்களுக்குத் தேவைப்படாத ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

ஏன் என்று என் கதையைச் சொல்கிறேன். 2014-ல் செக்கானூரணியில் என் இடத்தில் இதே வேலையைச் செய்தேன். உதிரிக்கு வாங்கிய வண்டியை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கக்காகப் பிரித்தாயிற்று. வேப்பமரத்தடியில் பெரிய சாமான்களை வரிசையாக வைத்துப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். சிறுசுகளை ஒரு சாக்கில் போட்டு, "இது எதுக்கு ஆகப்போகுது" என்று கிலோ கணக்கில் எடைக்குப் போட்டேன். ஒரு மாதம் கழித்து இன்ஜினைத் தூக்கி வைத்தால் கிளட்ச் மிதியிலிருந்து போகிற ராடுக்கு நடுவில் ஒரு வளைந்த பட்டைத் தகடு வேண்டும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அது எந்தக் கோணத்தில் வளைந்திருந்தது என்று எனக்கும் ஞாபகம் இல்லை, என்னோடு பிரித்த பையனுக்கும் ஞாபகம் இல்லை. லேத்துக்கடையில் மூன்று தடவை செய்து மூன்றும் தப்பு. எட்டு வாரம் போயிற்று. பிரிக்காமல் வைத்திருந்தால் போய்க் குனிந்து பார்த்திருப்பேன், ஐந்து நிமிட வேலை.

சரி, முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த ஜீப்பை எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கரச் சொந்த வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் கொடுக்கிறார்கள். புதுப் பதிவுக்கு 20 ஆயிரம், மறுபதிவுக்கு 5 ஆயிரம், பத்து வருடம் செல்லும். உங்கள் வண்டிக்கு வயது இருக்கிறது. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. இன்னொன்று, வி.ஏ. எண் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்புக்குக் கொண்டுபோவது என்று அதோடு நிற்க வேண்டும். வாரா வாரம் மதுரையிலிருந்து தோப்புக்கு உரமூட்டை ஏற்றிப்போக வேண்டும் என்றால் சாதாரண ஆர்.சி.-யைத்தான் புதுப்பிக்க வேண்டும். அதிலும் புத்தகத்தில் ‘பெட்ரோல்’ என்று இருக்கும்போது டீசல் இன்ஜினை ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வந்து நிற்கும். முன் அனுமதி வாங்காமல் செய்துவிட்டு, அப்புறம் எஃப்.சி.க்கு நிறுத்தி வாதாடுவது வீண் வேலை. எப்படிப் பார்த்தாலும் பழைய பெட்ரோல் இன்ஜினை உயிர்ப்பிப்பதுதான் உங்களுக்குச் சுலபமான வழி.

அந்த இன்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை. 2.2 லிட்டர் ஹரிகேன். இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். இன்ஜின் உயரமாகிவிட்டதால்தான் சி.ஜே. 3பி-க்கு அவ்வளவு உயரமான பானட். பதினோரு வருடம் நின்றதில் பிளாக்குக்குள் இருக்கிற எக்ஸாஸ்ட் வால்வுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு. தயவுசெய்து கயிறு கட்டி டிராக்டரில் இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீர்கள். நாலு ப்ளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாக, முன்னும் பின்னுமாக அசையுங்கள். சுற்றினால் ஹெட்டைக் கழற்றிப் பார்த்து அளவெடுங்கள். சுற்றாவிட்டாலும் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மஹிந்திரா இதைப் பல வருடம் செய்த இன்ஜின் என்பதால் ரிங், பேரிங் கிடைப்பது பெரிய போராட்டமாக இருக்காது.

இப்போது போடி வண்டி. எம்.எம். 540-ல் வருவது பிஜோ இன்ஜின், எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், சிலிண்டரின் குறுக்களவு 90 மில்லிமீட்டர், 4.90 என்ற பெயரே அதுதான். 2112 சி.சி. ஹீட்டர் ப்ளக் சூடாகித்தான் ஸ்டார்ட் ஆகும். அதைக் கழற்றிவிட்டு மஹிந்திராவின் டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜின் ஏற்றிய வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. அது 2523 சி.சி., ஹீட்டர் கிடையாது, மெதுவாகச் சுற்றி இழுக்கும். எந்த இன்ஜின் என்று புத்தகத்தையும் பிளாக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் நான் அந்த வண்டியைத் தொட மாட்டேன். உதிரிக்குத்தானே என்று சொல்வீர்கள். உதிரிக்கு வாங்கினாலும் திருட்டு வண்டி திருட்டு வண்டிதான். சேஸிஸில் குத்திய எண்ணும் புத்தகமும் ஒன்றா, கடன் பாக்கி எழுதியிருக்கிறதா, விற்கிறவர் பெயரில் இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டியை முழுக்கப் பிரித்துவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். எடைக்குப் போடும்போது சேஸிஸ் எண் உள்ள துண்டை யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மலை வண்டி என்பதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஏலத்தோட்டத்துக்குக் காலையில் ஆள் ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடுகிற ஜீப்புகள். பிரேக்கும் இரண்டாம் கியரும் உழைத்து உழைத்துத் தேய்ந்திருக்கும். ஆனால் தினமும் ஓடின வண்டி, அதனால் சுற்றுகிறதெல்லாம் சுற்றும். ராமேஸ்வரம் பக்கத்து வண்டி என்றால் பார்க்காமலே வேண்டாம் என்றிருப்பேன், உப்புக்காற்று சேஸிஸை உள்ளிருந்தே தின்றிருக்கும்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், விற்கிறவர் முன்கூட்டி ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்கும் முன்னால். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் இன்ஜினை விற்றுக் காசாக்கும் திட்டத்தில் பாதி போயிற்று, விலையைக் குறையுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், கியர் தானாகத் துள்ளி வெளியே வருகிறதா பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள், கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணி) ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காருகிற இடத்தில் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்று உங்கள் வண்டியிலும் சேர்த்தே பாருங்கள், இந்த வகை ஜீப்புகளுக்கு அது பழைய வியாதி.

முக்கியமானது ஆக்ஸில். இங்கேதான் ஆளாளுக்கு ஏமாறுகிறார்கள். ஆக்ஸிலுக்குள் இருக்கிற கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களின் விகிதம் உங்கள் வண்டியில் 5.38, அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8. போடி வண்டியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள், இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருப்பார்கள். எண்ணிப் பார்க்கிற விதம் இது. வண்டியை நியூட்ரலில் போட்டு, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். தூக்கிய டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, பிராப்பெல்லர் ஷாஃப்டில் (ஆக்ஸிலைச் சுற்றவைக்கிற நீளத் தண்டு) ஒரு கோடு. டயரைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் நிற்பதால் டிஃபரன்ஷியல் கணக்குப்படி கிரவுன் ஒரே சுற்றுதான் சுற்றியிருக்கும். அதற்குள் ஷாஃப்ட் ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயும் சுற்றினால் 5.38. ஐந்து சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு குறைவாக நின்றால் 4.88 மாதிரி இருக்கும். முன் ஆக்ஸிலுக்கும் தனியாக இதே மாதிரி எண்ணுங்கள்.

எண் மாறினால் என்ன ஆகும்? முன்னால் ஒரு விகிதம், பின்னால் ஒரு விகிதம் வைத்துக்கொண்டு ஃபோர் வீல் கியர் போட்டால், சேற்றில் தெரியாது, தார் ரோட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) கதறும். மாற்றுவதென்றால் முன்னும் பின்னும் ஜோடியாக மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். போடி வண்டி டூ வீல் டிரைவாக இருந்தால் முன்னால் வெறும் இரும்புக் குழாய்தான் கிடைக்கும், அப்போது பின் ஆக்ஸிலுக்கும் உங்களிடம் வேலை இல்லை. டீசல் இன்ஜினை ஏற்றி 5.38-ஐ அப்படியே விட்டவர்கள் சொல்கிற குறையும் இதிலிருந்து வருவதுதான். 6.00-16 டயரில் டாப் கியரில் 3000 சுற்றுக்கு மணிக்கு சுமார் 75 கிலோமீட்டர்தான் போகும். டி.ஐ. இன்ஜின் அதற்குமேல் அழும்.

ஆக்ஸில் அகலத்தையும், ஸ்பிரிங் பட்டைகள் உட்காருகிற இரண்டு மேடைகளின் நடு இடைவெளியையும் டேப் பிடித்து இரண்டு வண்டியிலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் மேடையை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும், சாய்வு ஒரு நூல் தப்பினாலும் பிராப்பெல்லர் ஜாயிண்ட் அடிக்கும். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிற பட்டறை தெரிந்தால் செய்யுங்கள். பிராப்பெல்லர் ஷாஃப்ட் உங்களுடையதே இருக்கட்டும், உங்கள் வண்டி 80 இன்ச் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் நடு இடைவெளி), போடி வண்டி அதைவிட நீளம்.

சக்கரம் மட்டும் கவலை இல்லை, இரண்டிலும் ஐந்து போல்ட், ஐந்தரை இன்ச் வட்டம். சந்தேகம் வந்தால் பக்கத்துப் பக்கத்து போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 82 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். பழைய வில்லீஸ் வகை வண்டிகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடமறை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். போல்ட் தலையில் ‘எல்’ என்று இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். நான் முதல் தடவை இரண்டடிப் பைப்பை ஸ்பேனரில் மாட்டி, அதன்மேல் ஏறி நின்று, இறுகிக்கொண்டிருந்த நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நட்டில் போல்ட் முறிந்த சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அது எதிர்மறை" என்றார்.

இனி பிரேக். உங்கள் ஜீப்பில் ஒன்பது இன்ச் டிரம், ஒரே லைன். எங்கேயாவது ஒரு பைப் விட்டால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். நான் போடி வண்டியை வாங்கச் சொல்வதே இதற்காகத்தான். அதில் இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரும், மிதிக்கு வலுக்கூட்டுகிற பூஸ்டரும் இருந்தால் தங்கம். ஆனால் மாஸ்டரை மட்டும் எடுத்து உங்கள் பழைய வீல் சிலிண்டரோடு சேர்க்காதீர்கள். மாஸ்டர், வீல் சிலிண்டர், டிரம், தட்டு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வரவேண்டும். அளவு மாறினால் மிதி தரைவரை போகும், அல்லது கல் மாதிரி நிற்கும். பூஸ்டரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டீசல் இன்ஜினில் வேக்யூம் கிடையாது, அதனால் தனி வேக்யூம் பம்ப் வைத்திருப்பார்கள், பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். உங்கள் பெட்ரோல் இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டிலேயே வேக்யூம் உண்டு. அங்கிருந்து ஒரு தடித்த ஹோஸ், நடுவில் ஒரு வழி வால்வு, நேராகப் பூஸ்டருக்கு. பம்ப் தேவையில்லை. அந்த ஆல்டர்னேட்டரை எடுப்பதாக இருந்தால் பம்ப்பைக் கழற்றிவிட்டு ஆயில் போகிற வழியை அடைத்துவிடுங்கள்.

ஆல்டர்னேட்டரைக் கட்டாயம் எடுங்கள், பிராக்கெட், புல்லி, வயர் முனை எல்லாவற்றோடும். மாட்டும் முன் உங்கள் வண்டியில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது, 12 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் டயோடு போய்விடும்.

ஸ்டீயரிங் பாக்ஸை நான் மாற்ற மாட்டேன். உங்கள் வண்டியில் முன்னால் நடுவில், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்துகிற ஒரு பெல் கிராங்க் இருக்கும். ஆட்டத்தில் பெரும் பங்கு அதன் புஷ்ஷிலும் ராடு எண்டிலும் இருந்துதான் வரும். அதைப் புதிதாகப் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்து அப்புறம் பேசுங்கள். கியர்பாக்ஸும் வேண்டாம். பெட்ரோல் இன்ஜினோடு சேர்க்க இரண்டையும் இணைக்கிற கூடான பெல் ஹவுசிங்கிலிருந்து மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும், கடைசியில் நீங்கள் வைத்திருப்பது எந்த வண்டி என்று உங்களுக்கே தெரியாது.

எடுக்கவே கூடாதவை: பிரேக் ஹோஸ், ரப்பர் கப், பெட்ரோல் டியூப், கிளட்ச் பிளேட். இவை புதிதுதான். பழைய பிரேக் ஷூ தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். டிரைவர் சீட்டுக்கடியில் இருக்கிற உங்கள் பெட்ரோல் டேங்க் ஓட்டை விழுந்திருந்தால் காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள். உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும்.

போடி வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதா என்று கேட்டிருந்தீர்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக ஓட்டிவரச் சொல்ல மாட்டேன். லாரியில் ஏற்றுங்கள், வாடகை போனால் போகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போவதாகச் சொன்னீர்கள். டேப், சாக்பீஸ், ஜாக்கி, இரண்டு கட்டை, ஒரு வெள்ளைத்தாள், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்.சி.-யைப் போட்டோ எடுங்கள், இரண்டு ஆக்ஸிலும் எத்தனை சுற்று வந்தது என்று எழுதுங்கள். அந்த மூன்றையும் எனக்குக் காட்டுங்கள், அதுவரை காசு எதுவும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.